மாதிரி வீட்டுச் சோபா

அலுவலகத்தில் அவருக்கு முக்கால் என்று பெயர். ஆள் ஒன்றும் முக்கால் இல்லை. வாசல் நிலையில் தலை இடிக்குமோ என்று குனிந்து நுழைகிற உயரம். செய்கிற வேலைதான் முக்கால்.

கட்டிட வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை என்று சொன்னால் போதும், பல் டாக்டர் முதற்கொண்டு எல்லோரும் "அப்படியா, எந்தக் கட்டிடம் நீங்க போட்டது?" என்று கேட்டுவிடுவார்கள். பல் டாக்டர் கேட்டபோது வாய்க்குள் கருவி இருந்ததால் தப்பித்தார். மற்ற இடங்களில் மென்று விழுங்க வேண்டியிருந்தது. அவர் போட்டது எதுவும் நிற்பதில்லை. அவர் போடுவதெல்லாம் மாதிரி வீடுகள்.

அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கட்டிடம் எழும்புவதற்கு முன்பே வீடுகளை விற்றாக வேண்டும். வெறும் பள்ளத்தைக் காட்டி இதுதான் உங்கள் படுக்கையறை என்றால் எந்த மடையனும் வாங்க மாட்டான். ஆகவே பள்ளத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, அதற்குள் ஒரே ஒரு வீட்டை அச்சு அசலாகக் கட்டி, விளக்கு போட்டு, திரை தொங்கவிட்டு, வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்வார்கள். எல்லா வீடும் விற்றுப்போனதும் அதை இடித்துவிடுவார்கள்.

அந்த வீட்டின் சுவர்கள் நிஜ அளவுதான். அதில் கை வைத்தால் வழக்கு வரும். ஆனால் உள்ளே போடுகிற சாமான்களுக்குச் சட்டம் கிடையாது. ஒரு கட்டில் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று எந்த அரசாங்கமும் உத்தரவு போட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. முக்காலின் பிழைப்பு அந்த இடைவெளியில் நடந்தது.

கட்டிலின் நீளத்தில் ஒரு சாண் குறைப்பார். சோபாவின் கால்களைக் குட்டையாக்குவார், உட்காரும் ஆழத்தையும் குறைப்பார். சாப்பாட்டு மேசையும் அதைச் சுற்றி நாற்காலிகளும் ஒரு சுற்றுச் சின்னதாக வரும். அந்த மேசையில் சாதாரணத் தட்டை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், தேடிப் பிடித்துச் சின்னத் தட்டாக வாங்கி வைப்பார். அலமாரிகள் தோளோடு நின்றுவிடும். வருகிறவர்கள், அதற்கு மேலே சுவர் வெறுமனே ஓடுவதைப் பார்த்து, "கூரை எவ்வளவு உசரம்" என்பார்கள். அறைகளுக்கு நிலை உண்டு, கதவு கிடையாது. கதவு இருந்தால் அது திறக்க இடம் வேண்டும், அந்த இடம் இல்லை என்பது உடனே தெரிந்துபோகும். ஒரு சாமான் மட்டும் சிறுத்திருந்தால் கண் கண்டுபிடித்துவிடும். எல்லாமே ஒரே விகிதத்தில் சிறுத்திருந்தால் கண் மயங்கி, அறைதான் பெரிது என்று தானாகவே முடிவு கட்டிக்கொள்ளும். அந்த விகிதம் முக்காலுக்குக் கைவந்த கலை. உண்மையில் அது முக்கால்கூட இல்லை, முழுசுக்கும் முக்காலுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. ஆனால் பட்டப்பெயர் வைக்கிறவர்கள் டேப் பிடித்தா வைக்கிறார்கள்.

முதல் தடவை வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கா?" என்று கேட்டார். பெரியவர்களுக்குத்தான் என்றதும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கும் குடும்பம் இருந்தது.

விற்பனைக்காரர்கள் இன்னும் விவரமானவர்கள். உள்ளே நின்று விளக்கம் சொல்வதற்குக் குள்ளமானவர்களாகப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். உயரமானவர்களுக்கு வண்டி நிறுத்துமிடத்தில் வேலை. பார்வை நேரத்தில் முக்காலே உள்ளே போகக் கூடாது என்பது எழுதப்படாத விதி. அவர் போய் அந்தச் சோபா பக்கத்தில் நின்றால் மொத்த வீடும் சுருங்கிப்போகும். தான் போட்ட வீட்டுக்குள் தானே நுழைய முடியாத ஒரே ஆள் அவர்தான். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அலுவலகத்திலும் இதெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிற விஷயமாக இல்லை. அந்த அலுவலகமே ஒரு பாடம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்காகப் பரிசு வாங்கியிருந்தது. அது மேற்குப் பார்த்த கண்ணாடி என்பதால் மதியத்துக்கு மேல் எல்லோரும் பழைய வரைபடங்களை எடுத்து அதில் ஒட்டிவிட்டு, இருட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். சுவர் அழகு கெடும் என்று கடிகாரம் கிடையாது. கதவு அழகு கெடும் என்று கழிப்பறைக்குப் பலகை கிடையாது. புதிதாக வருகிறவர்கள் நேராகச் சாமான் அறைக்குள் போய் நிற்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நாற்காலிகளில் முதுகு நிற்காததால் அவற்றில் பைகளை வைத்துவிட்டு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டிடத்தின் முகப்பைப் போடுகிறவர்கள் ஜன்னலோரம். படிக்கட்டு போடுகிறவர்கள் நடுவில். குழாயும் கழிப்பறையும் போடுகிறவர்கள் அதற்குப் பின்னால். எல்லாவற்றுக்கும் கடைசியில், பெரிய தாளில் வரைபடம் துப்புகிற இயந்திரத்தின் சூட்டில், முக்கால். நிறுவனத்தை நடத்துகிற மேடம் மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கம் வருவார். "நாம பொய் சொல்றதில்ல," என்பார், யாரும் கேட்காமலே. "இடத்தைப் பத்தி ஒரு அபிப்பிராயம் சொல்றோம்." சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

முக்காலுக்கு வேலை பிடித்திருந்தது. வெளியே சொல்லிக்கொள்ள முடியாதது ஒன்றுதான் குறை. வீட்டில் உள் அலங்காரம் என்று சொல்லி வைத்திருந்தார். அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்கவில்லை.

வீட்டில் மூன்று பேர். அவர், மனைவி, அக்கா. மனைவி பள்ளியில் கைப்பந்து சொல்லித் தருபவள், அவளும் கொடிக்கம்பம்தான். குனிந்து சமைத்து இடுப்பு போகிறது என்று அவள் சொன்னதால், சமையல் மேடையை உயர்த்திக் கட்ட முக்காலே வரைபடம் போட்டார். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பாராட்டினார்கள்.

அக்கா அவரைவிட மூத்தவள், உயரத்தில் அவருடைய நெஞ்சுக்கும் கீழே. அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் நெட்டையாக இருந்த குடும்பத்தில் அவள் மட்டும் பத்து வயதுக்கு மேல் வளர மறந்துவிட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டாள். கல்யாணத்துக்கு வந்த இரண்டு இடம் உயரத்தைப் பார்த்துவிட்டுப் போனது. மூன்றாவது இடத்தை அவளே வேண்டாம் என்றாள். அப்பா அம்மா போன பிறகு தம்பி வீட்டின் சின்ன அறையில் இருந்தாள். உயர்த்திக் கட்டிய சமையல் மேடையில் டீ போட அவளுக்கு ஒரு மர ஸ்டூல் தேவைப்பட்டது. அதைக் காலால் தள்ளித் தள்ளி அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே போய் வருவாள். கூடத்துச் சோபாவில் உட்கார்ந்தால் கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும், எழுந்து போய்விடுவாள். வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. ஆகவே குறை எதுவும் இல்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். எல்லோரும் என்றால் முக்கால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அக்கா சொன்னாள். "தம்பி, நான் ஒரு வீடு பாத்திருக்கேன்."

"யாருக்கு?"

"எனக்குதான்."

மனைவி கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள். பழைய பெயிண்ட் தொழிற்சாலை இருந்த இடத்தில் மூன்று அடுக்குமாடி வருகிறதே, அங்கே, என்றாள் அக்கா. கூட வேலை பார்க்கிறவளோடு சும்மா பார்க்கலாம் என்று போனாளாம். முக்கால் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார். அந்த மாதிரி வீடு அவர் போட்டது.

"சோபால உக்காந்தேன்," என்றாள் அக்கா. "கால் தரைல பட்டுச்சு."

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"பஸ்ல படாது. லேப்ல படாது. இங்கயும் படாது. அங்க பட்டுச்சு. ரெண்டு காலும், முழுப் பாதமும். நாற்காலியும் அப்படித்தான். அலமாரில மேல்தட்டை நின்னபடியே தொட்டேன். வரவே மனசில்ல. கூட வந்தவ பிடிச்சு இழுத்துட்டு வந்தா." அக்கா இவ்வளவு பேசி அவர்கள் கேட்டதில்லை. "யாரோ புண்ணியவான் என்னை மாதிரி ஆளுங்களை நெனைச்சு வீடு கட்டியிருக்கான் பாரேன்."

புண்ணியவான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அக்கா சேர்த்து வைத்தது மொத்தமும் அதற்குத்தான் போகப்போகிறது, ஓய்வு பெறும்போது வருவதையும் ஈடு காட்டி மீதியைக் கடன் வாங்கப்போகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்து. போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது. அவள் அங்கே குடிபோய், கடையில் விற்கிற சோபாவை வாங்கிப் போட்டதும் கூடம் அடைத்துக்கொள்ளும், கால் பழையபடி தொங்கும். தான் ஏமாந்தது அன்றைக்குத் தெரியும். ஏமாற்றியது யார் என்பது அதற்கடுத்த நாள் தெரியும். உலகத்தில் அவர் கொஞ்சமாவது நல்ல பெயர் வாங்கி வைத்திருந்தது அவளிடம் ஒருத்தியிடம்தான்.

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குப் போனார். "எங்க அக்கா அந்த வீட்டை வாங்கப் போறாங்க மேடம்."

"சந்தோஷம்," என்றார் மேடம். "ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை உண்டான்னு கட்டறவங்ககிட்ட கேக்கறேன்."

"அதில்ல மேடம். அவங்க சாமானைப் பாத்து வாங்கறாங்க."

"எல்லாரும் அதைப் பாத்துதான வாங்கறாங்க."

"அவங்களுக்கு அது சரியா இருக்கு."

மேடம் இதை யோசித்தார். இந்தக் கோணத்தில் புகார் வந்து அவருக்குப் பழக்கமில்லை. "அளவெல்லாம் பத்திரத்துல இருக்கு," என்றார் கடைசியில். "சாமான்கள் காட்சிக்கு மட்டும்னும் இருக்கு. கீழ, சின்ன எழுத்துல." எழுத்தையும் சின்னதாகப் போட்டிருந்தது முக்காலுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வேலையை வேறு யாரோ செய்திருக்க வேண்டும்.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்து, உண்மையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். கோழைகள் எப்போதும் இந்தச் சுற்று வழியில்தான் போவார்கள்.

"அந்த வீடு மேற்குப் பாத்தது அக்கா. சாயந்தரம் அனல் அடிக்கும்."

"இதுவும் மேற்குதான்."

"லிப்ட் மெஷின் சத்தம் ராத்திரில கேக்கும்."

"இங்க உன் குறட்டை கேக்குது."

"பாத்ரூம்ல ஜன்னல் சின்னது."

"நான் சின்னவதானே."

சுவரைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறப்பார், அவ்வளவு மெல்லிசு என்றார். பக்கத்தில் ஆள் இருப்பது நல்லதுதான் என்றாள். தன் நிறுவனம் போட்ட கட்டிடத்தை அஸ்திவாரத்திலிருந்து மொட்டை மாடி வரை அவர் கழுவி ஊற்றினார். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் மனைவி பிடித்துக்கொண்டாள். "அண்ணி போறது உங்களுக்குப் பிடிக்கலையா? ஏன் அவங்களைப் போட்டுக் குழப்பறீங்க? முதல் தடவையா தனக்குன்னு ஒண்ணு கேக்கறாங்க."

வேறு வழியில்லாமல் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டாள். பிறகு அந்த மர ஸ்டூலைப் பார்த்தாள், தானே உயர்த்தச் சொன்ன மேடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லிருங்க," என்றாள்.

"நீ பக்குவமாச் சொன்னா..."

"நான் சொன்னா, போக விடாம தடுக்கறேம்பாங்க. சொல்லாம இருந்தா நாளைக்கு, தொரத்தி விட்டாங்கற பேர் எனக்கு வரும். உங்க வேலை, உங்க அக்கா. ரெண்டுக்கும் நடுவுல என்னை நிக்க வைக்காதீங்க."

வியாழக்கிழமை மாலை அக்காவோடு அவர் தகரக் கொட்டகைக்குப் போனார். வாசலில் நின்ற விற்பனைப் பெண்ணுக்கு அவரைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. "சார், பார்ட்டி உள்ள இருக்காங்க சார்," என்று மெல்லச் சொன்னாள். முக்கால் கேட்காதவர் போல் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கூடத்தின் விசாலத்தை வியந்துகொண்டிருந்தது. முக்கால் நிமிர்ந்து நின்றார். அந்தக் கணவன் அவரைப் பார்த்தான், சோபாவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மறுபடியும் அவரைப் பார்த்தான். மனைவியின் காதில் ஏதோ சொன்னான். இருவரும் சத்தம் காட்டாமல் வெளியே போனார்கள். விற்பனைப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினாள்.

அக்கா அதற்குள் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். பாதம் இரண்டையும் தரையில் பதித்து, கையை மடியில் கோர்த்து, ரயிலுக்குக் காத்திருக்கிறவள்போல நிதானமாக உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அவள் முகமே வேறாக இருந்தது.

படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் நீட்டிப் படுத்தார். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"எந்திரிடா. யாராவது பாக்கப் போறாங்க."

"கால் வெளிய நிக்குது பாரு."

"உனக்கு எங்கதான் நிக்கல."

"அக்கா, கட்டில் சின்னது. இங்க எல்லாமே சின்னது. நான்தான் போட்டேன்." கூரையைப் பார்த்தபடியே சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. "ரூம் பெருசாத் தெரியணும்னு எல்லாத்தையும் குறைச்சுப் போடுவோம். வாங்கறவங்களுக்குத் தெரியாது. என் வேலையே அதான்."

அக்கா திரும்பினாள். கூடத்துக்குப் போனாள். அவர் எழுந்து பின்னால் போனார். அவள் சோபாவின் கைப்பிடியைத் தொட்டாள்.

"இதுவும்?"

"அதுவும்."

"இந்த நாற்காலி?"

"அதுவும்தான்."

"தட்டு?"

"தட்டு கடைல வாங்கினது."

தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். "யாருக்குன்னு நெனைச்சுப் போட்ட?"

"யாருக்குன்னும் இல்லக்கா."

"இதுல யாரும் உக்கார மாட்டாங்களா?"

"ஒரு நிமிஷம் உக்காருவாங்க. அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க."

"எவ்வளவு வருஷமா?"

"சேந்ததுலேர்ந்து."

அக்கா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "அப்போ இத்தனை வருஷமா எனக்கு அளவா வீடு வீடாச் செஞ்சிருக்க. செஞ்சு செஞ்சு இடிச்சிருக்க. சாயந்தரம் வீட்டுக்கு வந்து, நான் ஸ்டூல் மேல ஏறிப் போட்டுத் தர்ற டீயைக் குடிச்சிருக்க."

குரலை உயர்த்தவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்கிறவள் போலச் சொன்னாள். அவளிடம் அந்தக் குரலில் முடிவு கேட்டவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் அழுதிருப்பார்கள். முக்காலுக்கு அங்கேயே அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எந்தச் சாமானை எவ்வளவு குறைத்தால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர் அவர். அக்காவையும் அந்த விகிதத்தையும் ஒருமுறைகூடச் சேர்த்து நினைத்ததில்லை. மனிதர்கள் யாரையுமே அதோடு சேர்த்து நினைத்ததில்லை.

"கையெழுத்துப் போட வேண்டாம்க்கா," என்றார். "நாளைக்கு நானே வந்து சொல்லிடறேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நிஜ அளவா?"

"சுவரா? நிஜம். அதுல ஒரு விரல்கடை மாத்த முடியாது."

"ஜன்னல்?"

"நிஜம்."

"தரையும் இவ்வளவுதான் வரும்?"

"இவ்வளவேதான் வரும்."

"அப்போ இதே அளவுல சாமான் போட்டா, வீடு எனக்கு இப்பத் தெரியற மாதிரியேதான் இருக்கும்."

முக்கால் சுவரையும் தரையையும் பார்த்தார். தொழில்ரீதியாக இந்தக் கேள்வி அவர் முன் வந்ததே இல்லை. மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு அதேபோல் வாழ்ந்து காட்டுகிறேன் என்று யாரும் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தார். அறையை மனதில் அளந்தார். இத்தனை வருஷத்தில் வந்துபோன எல்லோருக்கும் அவர் போட்ட வீடு ஒரு பித்தலாட்டம். இவள் ஒருத்திக்கு மட்டும் அது பித்தலாட்டமாக இல்லை.

"இருக்கும்," என்றார்.

"அப்புறம் எனக்கு இதுல என்ன ஏமாத்து இருக்கு?" என்றாள் அக்கா. "நான் வாங்கறேன். சாமான் நீ செஞ்சு குடு."

வெளியே விற்பனைப் பெண் அந்த ஜோடியை வண்டி நிறுத்துமிடம் வரை துரத்திக்கொண்டு போய்த் தோற்றுத் திரும்பியிருந்தாள். மறுநாள் அக்காவின் வீட்டுக்குக் கையெழுத்து ஆனது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு முக்கால் மாதிரி வீட்டு வரைபடங்களையே மறுபடி அச்செடுத்துக்கொண்டு வந்து, அப்படியே தச்சரிடம் கொடுத்துவிடலாம் என்றார். அக்கா சம்மதிக்கவில்லை. கால் தரையில் பட்டது சரி, சோபா முதுகில் இடித்தது, நாற்காலியின் கைப்பிடி விலாவில் குத்தியது, அப்போது சொல்ல மனமில்லை என்றாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் யாரும் உட்காராத சாமானில் அவள் அன்று எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பதை அவர் யோசித்துப் பார்த்தார்.

"என்னை அளந்து செய்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்துச் சுவரோரம் அக்கா நின்றாள். மனைவி தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். முக்கால் டேப்பை எடுத்துக்கொண்டு அக்காவின் முன் மண்டி போட்டார். டேப்பை எங்கே பிடிப்பது என்று அவருக்கு ஒரு கணம் தெரியவில்லை. சுவரை அளந்திருக்கிறார், மேசையை, ஜன்னலை, காற்று போகிற சந்துகளை எல்லாம் அளந்திருக்கிறார். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு ஓர் ஆளை அளப்பது இதுதான் முதல் தடவை.

"இப்படிப் பிடி," என்று டேப்பின் நுனியைத் தன் முழங்கால் மடிப்பில் வைத்துக் கொடுத்தாள் அக்கா. மறுமுனையை அவர் தரைக்கு இழுத்தார். குனிந்து எண்ணைப் பார்த்து, மனைவியிடம் சொன்னார். அவள் எழுதினாள்.

அக்காவும் குனிந்து டேப்பைப் பார்த்தாள்.

"என்ன சொன்ன?"

அவர் திரும்பச் சொன்னார். சொல்லும்போதே நாக்கு தடுமாறியது. டேப்பில் இருந்தது வேறு எண். கண் பார்த்ததை வாய் சொல்வதற்குள், நடுவே எங்கேயோ, பழக்க தோஷத்தில் அவர் அதைக் குறைத்திருந்தார்.

மனைவி பேனாவை நிறுத்திவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தாள். அக்கா மட்டும் அவர் தலைக்கு மேலே நிமிர்ந்து நின்றாள். அவர் மண்டி போட்டிருந்ததால் அவளுக்கு அது சாத்தியமாக இருந்தது.

"டேப்ல இருக்கறதைச் சொல்லு," என்றாள். "நான் அவ்வளவு ஒண்ணும் குட்டை இல்லடா."